சர்க்கரை நோய்க்கு ஏன் தொற்றுநோய்க் கணக்கு?

சர்க்கரை, உடல் பருமன் எல்லாம் ஒட்டுவாரொட்டி இல்லையே, நோய் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் பரவுவதைக் கணிக்கும் தொற்றுநோய்க் கணக்கை அதற்கு எப்படிப் போடுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். இங்கே பழக்கம்தான் ஒட்டுகிறது.

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருமுனை டீக்கடையில் சாயங்காலம் ஐந்து பேர் நிற்பார்கள். நாலு பேர் பஜ்ஜி எடுத்தால் ஐந்தாமவர் கையும் தட்டுக்குப் போகும். அதில் ஒருவர் “சர்க்கரை இல்லாமல் ஒரு டீ” என்று கேட்க ஆரம்பித்தார். கொஞ்ச நாளில் இன்னும் இருவர் அப்படியே கேட்டார்கள்.

இதைக் கணக்காக்க மூன்று வேகங்கள் வேண்டும்: தானாகவே பழக்கத்தில் விழுவது, அதே பழக்கமுள்ள ஒவ்வொரு நண்பராலும் கூடுவது, மீள்வது. தட்டம்மையில் முதலாவது கிடையாது. பருமனில் உண்டு.

2007-இல் கிறிஸ்டாகிஸ், ஃபவுலர் என்ற இரண்டு ஆய்வாளர்கள், அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் ஊரில் பல ஆண்டுகளாக நடக்கும் இதய நல ஆய்வில் 12,067 பேரின் 32 ஆண்டுத் தரவைப் பார்த்தார்கள். நண்பர் பருமனானால் நமக்கும் அந்த வாய்ப்பு 57% கூடியது. ஆனால் ஒரே மாதிரி ஆட்கள்தானே நண்பர்களாகிறார்கள், ஒரே சூழலில்தானே வாழ்கிறார்கள் என்று விமர்சனமும் வந்தது. எனக்கு அது சரியாகவே படுகிறது. தூக்கம் கெட்டாலும் எடை கூடலாம். காசிமேட்டில் நடுராத்திரி தாண்டி மீன் இறக்கப் போகிறவருக்குத் தூக்கம் கெடுவது வேலை நேரத்தால், நண்பரால் அல்ல. வேலை நேரத்தைத் தனிக் காரணமாகக் கணக்கில் வைக்காமல் வடசென்னைக்கு இந்தக் கணக்கைப் பொருத்தினால், பழியெல்லாம் கூட நிற்கும் நண்பர் மேல் விழும்.