60-களின் பிபிசி செஷன் டேப்புகள்: வாங்குமுன், பகிருமுன்

கேள்வி: 1967-ல் பிபிசி வானொலிக்காக கிதார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் வாசித்த செஷன் (நிலையத்துக்கென்றே செய்த பதிவு), ‘ஒரிஜினல் மாஸ்டர் (முதல் மூலப் பதிவு), ஸ்டீரியோ’ என்ற விளம்பரத்தோடு ஸ்பூல் டேப்பாக (சுருளில் சுற்றிய ஒலிநாடா) விற்பனைக்கு வந்திருக்கிறது. நம்பி வாங்கலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். அந்த ஆண்டின் பாப் செஷன்கள் மோனோவில், அதாவது ஒற்றைச் சேனலில் பதிவானவை. ஸ்டூடியோ டேப்புகளில் பெரும்பகுதியை பிபிசியே அழித்து, அதே டேப்பில் வேறு நிகழ்ச்சிகளைப் பதிந்தது. தப்பிப் பிழைத்தவற்றில் முக்கியமானவை இரண்டு: வெளிநாட்டு நிலையங்களுக்காக அச்சிட்ட டிரான்ஸ்கிரிப்ஷன் இசைத்தட்டுகள், நேயர்கள் வீட்டில் பிடித்துவைத்த டேப்புகள். ‘மாஸ்டர்’ என்று வருவது பெரும்பாலும் இவற்றின் நகலுக்கு நகல்.

பணம் அனுப்புமுன் ஒரு நிமிட மாதிரி கேளுங்கள். அறிவிப்பாளர் குரலும் இசையும் அதில் இருக்க வேண்டும். டபிள்யூஏவி அல்லது ஃபிளாக் (தரம் இழக்காத ஒலி வடிவங்கள்) கோப்பாக, எதையும் ‘சுத்தம்’ செய்யாமல் வர வேண்டும். தர மறுத்தால் அந்தப் பேரத்தை விட்டுவிடுங்கள்.

மாதிரியை ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் திறந்து, இடது வலது சேனல்களைப் பிரித்து, ஒன்றை மட்டும் தலைகீழாக்கி (இன்வர்ட்), இரண்டையும் மோனோவாகக் கலந்து கேளுங்கள். இசை ஏறக்குறைய மறைந்து இரைச்சல் மட்டும் மிஞ்சினால் அது நேர்மையான மோனோ. பாட்டு குகைக்குள் ஒலிப்பதுபோல் மிஞ்சினால், பின்னாளில் யாரோ செயற்கையாக ஸ்டீரியோ ஆக்கியிருக்கலாம். அந்த வேலையை முழுதாக அவிழ்க்க வழியில்லை.

அடுத்து ஸ்பெக்ட்ரோகிராம், அதாவது எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று காட்டும் படம். மத்திய அலை வானொலியிலிருந்து பிடித்ததென்றால் 5 கிலோஹெர்ட்ஸை ஒட்டியே இசை தேய்ந்துவிட வேண்டும். விற்பவர் அப்படிச் சொல்லிவிட்டு சிம்பல் (டிரம்ஸின் தாளத்தட்டு) ஒலி 15 கிலோஹெர்ட்ஸ் வரை பளிச்சென்று தெரிந்தால், மூலம் வேறு. 1998-ல் வெளிவந்த ஹெண்ட்ரிக்ஸ் பிபிசி சீடியோடு ஒப்பிடுங்கள். சீடியை டேப்பில் ஏற்றிய போலி இங்கேதான் மாட்டும். 16 கிலோஹெர்ட்ஸில் கத்தியால் நறுக்கியதுபோல் நின்றால், நடுவில் ஒரு எம்பி3 (அளவு சுருக்கிய கோப்பு) புகுந்திருக்க வாய்ப்பு அதிகம்.

கேள்வி: வாங்கிய டேப்பில் பாட்டு அரை சுருதி ஏறி ஒலிக்கிறது. எவ்வளவு குறைப்பது?

பதில்: காதை மட்டும் நம்பாதீர்கள். பிரிட்டனில் வீட்டு ரெக்கார்டரில் பதிந்த டேப்பில் மின் இணைப்பின் 50 ஹெர்ட்ஸ் ஹம் (தாழ்ந்த ரீங்காரம்) பெரும்பாலும் ஒட்டியிருக்கும். பாட்டு இல்லாத இடைவெளியில் அதை அளந்து பாருங்கள். 53 காட்டினால் அரை சுருதி ஏற்றம். வேகத்தை சுமார் 5.7 சதவீதம் குறைத்தால் 50-க்கு வரும். டேப்பை நிறுத்திய பிறகும் ஹம் கேட்டால் அது உங்கள் ஆம்ப்ளிஃபயருடையது, கணக்கில் சேராது. தொடக்கம், நடு, முடிவு என மூன்று இடத்திலும் அளக்க வேண்டும். பழைய ரெக்கார்டர்கள் போகப்போக வேகம் மாறும். அப்போது முழு டேப்புக்கும் ஒரே திருத்தம் பொருந்தாது.

கேள்வி: டேப்பில் புளித்த காடி வாசனை. மின்னடுப்பில் (ஓவன்) வைத்துச் சூடாக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. சூடாக்குவது 70, 80-களின் பாலியெஸ்டர் டேப்புகளில் பசை பிசுபிசுக்கும் கோளாறுக்கான வைத்தியம். காடி வாசனை, அசிடேட் என்ற பழைய வகை பிளாஸ்டிக்கால் ஆன டேப் சிதைவதன் அடையாளம். சூடு அதை விரைவுபடுத்தும். ஸ்பூலை விளக்குக்கு எதிரே பிடியுங்கள்: அடுக்கின் ஊடே வெளிச்சம் கசிந்தால் அசிடேட். மற்ற டேப்புகளிலிருந்து ஒதுக்கி, வேகமாகச் சுற்றாமல், சீக்கிரம் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் பதிந்துவிடுங்கள்.

கேள்வி: நண்பர்களோடு பகிரலாமா? 50 ஆண்டு கடந்துவிட்டதே!

பதில்: பிரிட்டிஷ் சட்டத்தில் 50 ஆண்டு என்பது ஒலிபரப்புக்கான உரிமை. பாடலின் உரிமை, எழுதியவர் இறந்து 70 ஆண்டு வரை நீடிக்கும். ஒலிப்பதிவுக்கும் கலைஞருக்கும் தனித்தனி உரிமைகள் உண்டு. ஆகவே 50 ஆண்டுக் கணக்கு உங்களுக்கு அனுமதி தந்துவிடாது. விற்காதீர்கள், அதிகாரபூர்வமாக வெளிவந்ததைப் பரப்பாதீர்கள். எங்குமே வெளிவராத ஒன்று கையில் இருந்தால் முதலில் பிபிசி ஆவணக் காப்பகத்துக்குத் தெரிவியுங்கள். 1994-ல் வந்த பீட்டில்ஸ் பிபிசி தொகுப்பிலேயே வீட்டில் பிடித்த பதிவுகள் இடம்பெற்றன.

யாருக்குக் கொடுத்தாலும் திருத்தாத மூலக் கோப்போடு ஒரு குறிப்பும் இருக்கட்டும்: ஒலிபரப்பான தேதி, நிகழ்ச்சி, எத்தனையாவது நகல், ஓட்டிய இயந்திரம், செய்த வேகத் திருத்தம். குறிப்பு தொலைந்த டேப்பை அடுத்தவர் மீண்டும் ‘மாஸ்டர்’ என்று விற்பார்.