மே மாதம் காயலில் படகு ஓடுமா?

கேள்வி: ஐயா, வணக்கம்ங்க. கோபி பக்கம் தோட்டத்துக் குடும்பம் எங்களுடையது. அப்பாரு, ஆத்தா, குழந்தைகள் என்று பதினொரு பேர் ஆலப்புழாவில் படகு வீடு எடுத்து ஒரு ராத்திரி தங்க ஆசைப்படுகிறோம். மே மாத லீவில் போகலாம் என்றால் அப்பாரு ஒத்துக்கொள்ளவில்லை. "கோடையில பவானிசாகர்லயே சேறு தெரியுது, அங்க ஏரியில படகு எப்படி ஓடும்? ஆயுத பூஜைக்குப் போலாம்" என்கிறார். தினமும் பேப்பரில் டேம் மட்டம் பார்த்த பிறகுதான் அவருக்குக் காப்பியே இறங்கும். அந்த ஏரியின் மட்டத்தை எங்கே பார்ப்பது? படகுக்காரர் இப்போதே பாதிப் பணம் கேட்கிறார். ஆத்தாவுக்கு முழங்கால் வலி வேறு.
– ஒரு வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: அம்மிணி, அப்பாரு கேட்பது நியாயம்தான். பவானிசாகர் 105 அடி, ஆழியாறு 120 அடி என்று தண்ணீரை அடிக்கணக்கில் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். ஆனால் நீங்கள் படகில் போகும் வேம்பநாட்டு ஏரி அணை இல்லை, கடல் மட்டத்தில் கிடக்கும் காயல். பம்பை, அச்சன்கோவில், மணிமலை, மீனச்சில், மூவாற்றுப்புழை என்று ஆறுகள் வந்து விழுகின்றன. கொச்சிப் பக்கம் கடலோடு சேர்ந்திருக்கிறது. ஆற்றில் வரத்து குறைந்தாலும் கடல் இருக்கிறதே! கோடையில் வற்றிப்போகுமோ என்ற கவலை வேண்டாம்.

அங்கே பயப்பட வேண்டியது மழைக்குத்தான். காயலை ஒட்டிய குட்டநாடு என்ற நெல் பூமியில் வயல்கள் பலவும் கடல் மட்டத்துக்கும் கீழே இருப்பவை. மலையில் கொட்டினால் வாய்க்கால்கள் கரை தட்டி ஓடும், தாழ்வான பாலங்களுக்கு அடியில் படகு நுழையாது, மாவட்ட நிர்வாகமும் ஓட்டத்தை நிறுத்திவிடும். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் சுற்றுலாப் படகு வீடுகளிலும் குட்டநாட்டு மக்களை ஏற்றி வெளியே கொண்டுவந்தார்கள். ஆயுத பூஜைச் சமயமும் உறுதி இல்லை. 2021 அக்டோபரில், பூஜை முடிந்த ஓரிரு நாளில், கோட்டயம் மலைப்பகுதியில் பெய்த மழை கீழே காயல் வரைக்கும் வந்தது. அதனால் நான் மே முதல் பாதியைத்தான் சொல்வேன். கடைசி வாரம் வேண்டாம். தென்மேற்குப் பருவமழை வழக்கமாக ஜூன் 1ஐ ஒட்டி வரும், 2025இல் மே 24ஆம் தேதியே வந்துவிட்டது. மே மாதம் புழுக்கம் இருக்கும், அதை மறைக்கவில்லை. பல படகுகளில் ராத்திரி மட்டும்தான் ஏசி போடுவார்கள், முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

பேப்பரில் பார்க்க மட்டம் இல்லாவிட்டாலும் வேறொன்று இருக்கிறது. கிளம்ப ஐந்து நாள் இருக்கும்போதே வானிலைத் துறையின் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கைகளைப் பாருங்கள். ஆலப்புழா மாவட்டத்தை மட்டும் பார்த்தால் போதாது. பத்தனம்திட்டா, கோட்டயம், இடுக்கிக்கும் பாருங்கள், வெள்ளம் அங்கிருந்துதான் இறங்கி வருகிறது.

பணம் விஷயத்தில் நான் பட்டதைச் சொல்கிறேன். ஒரு ஆகஸ்டில் பெருந்துறையிலிருந்து பதினான்கு பேரைக் கூட்டிப் போனேன். முந்தின நாள் போனில் "வாங்க, ஓடுது" என்றார் படகுக்காரர். போய் இறங்கினால் ஓட்டம் நிறுத்தம். கரையில் கட்டிய படகிலேயே சாப்பிட்டுப் படுத்துவிட்டு வந்தோம். முன்பணத்தில் ஒரு பைசா திரும்பவில்லை, ஏனென்றால் எதையும் எழுதி வாங்கவில்லை. இரண்டு பாட்டிகள் ஜன்னலோரமே உட்கார்ந்திருந்த அந்தச் சாயங்காலம் இன்னும் மனசில் நிற்கிறது. அதனால், ஓட்டத்தை நிறுத்தினால் பணம் திரும்புமா, தேதி மாற்றித் தருவார்களா, ஏரிக்குள் போக முடியாவிட்டால் எந்த வாய்க்கால் வழி போவார்கள் என்ற மூன்றுக்கும் வாட்ஸ்அப்பில் எழுத்தாகப் பதில் வந்த பிறகு பணம் அனுப்புங்கள். பாதிப் பணம் அதிகம், கால் பங்குக்குப் பேசிப் பாருங்கள்.

தண்ணீர் மட்டம் உங்களைத் தொடுவது ஆத்தாவின் முழங்காலில்தான். கரைக்கும் படகுக்கும் நடுவே ஒரு பலகை போடுவார்கள். தண்ணீர் ஏறினால் பலகை மேல்நோக்கிச் சாயும், இறங்கினால் கீழ்நோக்கி. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிக் கடல் ஓதத்தால் இந்த வித்தியாசம் கூடும். கைப்பிடியோடு படிக்கட்டு இருக்கும் துறையில் ஏற்றச் சொல்லுங்கள். மாடிப் படகு வேண்டாம். எல்லோருக்கும் லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று ஏறும்போதே எண்ணிவிடுங்கள்.

அப்புறம், ராத்திரி முழுக்க மிதந்து போகலாம் என்று குழந்தைகள் நினைத்திருப்பார்கள். மீனவர்கள் வலை விரிக்கும் நேரம் என்பதால் சாயங்காலம் ஐந்தரை வாக்கில் படகைக் கரையில் கட்டிவிடுவார்கள், இப்போதே சொல்லி வையுங்கள். பகல் பன்னிரண்டு மணிக்கே ஏறிவிட்டால்தான் காயலை நிறையப் பார்க்கலாம். சென்னையிலிருந்து ஆலப்புழா போகும் ராத்திரி ரயில் ஈரோடு வழியாகத்தான் போகிறது, காலையில் கொண்டுபோய் விட்டுவிடும்.

அப்பாருக்காக ஒன்று. மறுநாள் முகம்மா வழியாகக் காரில் தண்ணீர்முக்கம் தடுப்பணைக்குக் கூட்டிப் போங்கள். நெல்லுக்கு உப்புத்தண்ணீர் ஏறாமல் இருக்க டிசம்பரில் மதகை இறக்கி, அறுவடையை ஒட்டித் திறப்பார்கள். மூடியிருக்கும்போது தண்ணீர் தேங்கி ஆகாயத்தாமரை மண்டும். திறந்து உப்பு ஏறியதும் அது கருகிவிடும். மே மாதத்தில் வழி சுத்தமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். நம் கீழ்பவானி மதகைப் பார்த்துப் பழகியவருக்கு, கடலைத் தடுக்கும் மதகைப் பார்த்தால் கேட்க நிறைய இருக்கும். அங்கே ஒரு மணி நேரம் ஒதுக்கிவிடுங்கள்.