வாசகர் கேள்வி: தாய்லாந்து முதியோரின் நடையும் கால் பலமும்

கேள்வி: தாய்லாந்தின் கோன் கேனில் பிசியோதெரபி ஆய்வு மாணவன் நான். இங்கே கிராமங்களில் 60 வயது கடந்தவர்களுக்கு 20 மதிப்பெண் பார்த்தெல் பட்டியலைப் போட்டுப் பார்க்கிறார்கள். நன்றாக நடமாடுகிறவர்களை அறிய அதுவே போதாதா?

பதில்: போதாது. குளிக்க, உடுத்த, படியேற அடுத்தவர் கை தேவையா என்பதைத்தான் அந்தப் பட்டியல் கேட்கிறது. 12-ம் அதற்கு மேலும் வாங்கினால் வெளியே போய்வருபவர், 5 முதல் 11 வரை வீட்டோடு இருப்பவர், அதற்கும் கீழே படுக்கையில் இருப்பவர். யார் வீட்டுக்குப் பராமரிப்பாளரை அனுப்புவது என்று முடிவெடுக்க இந்தப் பிரிவு நன்றாக உதவுகிறது. ஆனால் முழு 20 வாங்கிய இருவரில் ஒருவர் சட்டென்று எழுந்துவிடுவார். இன்னொருவர் தொடையில் கை ஊன்றி இரண்டாவது முயற்சியில்தான் எழுவார். பலம் குறையத் தொடங்கிய இந்த இரண்டாமவரைத்தான் நாம் முதலில் கண்டுபிடிக்க வேண்டும். பட்டியல் அவரைக் காட்டாது.

எஸ்.பி.பி.பி. (Short Physical Performance Battery) என்ற குறுகிய உடல் செயல்திறன் சோதனையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சமநிலை, 4 மீட்டர் நடை, ஐந்து முறை எழுந்து உட்காருதல், ஒவ்வொன்றுக்கும் 4 மதிப்பெண். மொத்தம் 12-ல் 9 அல்லது அதற்குக் கீழ் வந்தால் உடல் செயல்திறன் குறைவு என்று ஆசிய தசைநலிவுக் குழுவின் (தசைநலிவு: முதுமையில் தசையும் பலமும் குறைவது) 2019 வரையறை சொல்கிறது.

எழுந்து உட்காரும் சோதனையில்தான் தவறு அதிகம் நடக்கிறது. நாற்காலி சுவரை ஒட்டி இருக்கட்டும். இருக்கை உயரம் சுமார் 43 செ.மீ. கால் விரியும் பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், அது வழுக்கும், நடுவில் குழியும். கைகளை மார்பில் கட்டச் சொல்லி, கைகளை ஊன்றாமல் எழ முடிகிறதா என்று முதலில் ஒரு முறை பாருங்கள். ஐந்தாவது முறை நிமிர்ந்து நின்றதும் ஸ்டாப்வாட்ச்சை நிறுத்த வேண்டும். உட்காரும்வரை ஓடவிட்டால் நேரம் கூடி, மதிப்பெண் அநியாயமாகக் குறையும். 11.19 வினாடிக்குள் முடித்தால் 4, 16.7-ஐத் தொட்டால் 1-தான். முழுச் சோதனைக்கும் நேரமில்லையென்றால் இதை மட்டுமாவது செய்யுங்கள்: 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் கவனம் தேவை.

கேள்வி: 4 மீட்டர் நடையில் முழு மதிப்பெண் வாங்கிய பாட்டிகளையும் அதே ஆசியக் குழுவின் நொடிக்கு 1 மீட்டர் என்ற எல்லை 'மெதுவானவர்' என்கிறதே, எது சரி?

பதில்: இரண்டும் சரி. அவை வேறு வேறு சோதனைகள். எஸ்.பி.பி.பி.யில் நின்ற இடத்திலிருந்து கிளம்ப வேண்டும், இரண்டு நடையில் வேகமானதை எடுக்க வேண்டும், 4.82 வினாடிக்குள் வந்தால் முழு மதிப்பெண். அது நொடிக்கு சுமார் 0.83 மீட்டர்தான். நொடிக்கு 1 மீட்டர் என்ற எல்லையோ 6 மீட்டர் நடைக்கானது. அதில் கோட்டைத் தொடும் முன்பே நடக்கத் தொடங்கியிருக்க வேண்டும், கடைசிக் கோடு தாண்டியும் நடக்க வேண்டும், இரண்டு நடையின் சராசரியை எடுக்க வேண்டும். 4 மீட்டர் எண்ணைக் கொண்டுபோய் இந்த எல்லையில் வைத்தால் கிளம்பத் தேவைப்படும் நேரமும் மெதுநடையாகக் கணக்காகிவிடும். எந்த முறை என்று படிவத்திலேயே எழுதிவிடுங்கள்.

உடையையும் பாருங்கள். இறுக்கமாகக் கட்டிய பாசின் (தாய்லாந்துப் பெண்கள் இடுப்பில் சுற்றும் பாவாடை) எடுத்து வைக்கும் அடியைச் சுருக்கும். ரப்பர் செருப்போடு ஒரு முறை, வெறுங்காலோடு ஒரு முறை என்று மாற்றினால் ஆறு மாதம் கழித்து ஒப்பிட முடியாது. 'வழக்கமாக நடப்பது போல' என்று மட்டும் சொல்லுங்கள். பக்கத்தில் நடப்பவர் அரை அடி பின்னால் வரட்டும். முன்னால் போனால் அவர் வேகமே முதியவரின் வேகமாகிவிடும்.

கேள்வி: கோவிலில் தரையில் உட்கார்ந்து பழகியவர்களுக்கு நாற்காலிச் சோதனை பொருந்துமா?

பதில்: பொருந்தும், ஆனால் தரையிலிருந்து எழும் திறனை அது அளக்காது. அதைத் தனியாகப் பார்த்து, கை ஊன்றினாரா இல்லையா என்று குறியுங்கள். மதிப்பெண்ணில் கூட்ட வேண்டாம். முழங்கால் வலியால் நாற்காலியிலிருந்தே எழ முடியாதவருக்கு 0 போட்டு, பக்கத்தில் 'வலி' என்று எழுதுங்கள். அவருக்கு முதலில் வேண்டியது முழங்கால் சிகிச்சை.