டோர்னமென்ட் போக்கரில் ஃப்ளஷ் டிரா வந்தால் கால் செய்வதா, ஃபோல்டா, ஆல்-இன்னா?

கேட்டவர் சொன்ன நிலைமை இது: ஃப்ளாப் (மேசையில் எல்லோருக்கும் பொதுவாகத் திறக்கும் முதல் மூணு கார்டு) முடிந்ததும் கையிலும் போர்டிலுமாக நாலு ஆட்டின் (ஹார்ட்) சேர்ந்துவிடுகிறது, ஃப்ளஷுக்கு (ஒரே சின்னத்தில் அஞ்சு கார்டு) ஒன்றுதான் பாக்கி. எதிராளி பெட் போடுகிறார், இவர் கால் செய்கிறார், அதாவது அதே தொகையைப் போடுகிறார். டர்னிலும் (நாலாவது பொதுக் கார்டு) கால். ரிவரில் (அஞ்சாவது, கடைசிக் கார்டு) வேறு எதோ வந்து படுத்துவிடுகிறது. இப்படியே நாலு கையில் ஸ்டாக் (மொத்த சிப்ஸ்) பாதியாகிவிடுகிறதாம்.

நானும் ரெண்டு வருஷம் இப்படித்தான் கரைந்துகொண்டிருந்தேன். ரம்மி ஆடி வளர்ந்தவன், அந்தப் பழக்கம் கூடவே வந்துவிட்டது. ரம்மியில் ஒரு கார்டுக்காகக் காத்திருக்கத் தனியாகக் காசு கிடையாது. சுற்றுக்குச் சுற்று இழுத்துப் பார்க்கலாம். போக்கரில் ஃப்ளாப்புக்கு அப்புறம் மிச்சம் ரெண்டே கார்டு. ரெண்டுக்கும் தனித்தனியாக விலை கேட்பார்கள். ஆனால் அதே ரம்மியில் முதல் டிராப்புக்கு 20, நடுவில் டிராப் செய்தால் 40, மாட்டினால் 80 என்று கணக்குப் பார்த்துத்தானே கவிழ்த்து வைக்கிறோம்? அந்தப் புத்தி மட்டும் போக்கர் மேசைக்கு வரவில்லை.

முதலில் எல்லோரும் தப்பாகப் போடும் ஒரு கணக்கு. அவுட்ஸை (வந்தால் நம் கையை ஜெயிக்க வைக்கும் கார்டுகளை) நாலால் பெருக்கினால் ரிவருக்குள் வரும் வாய்ப்பு, ரெண்டால் பெருக்கினால் அடுத்த ஒரு கார்டில் வரும் வாய்ப்பு. ஃப்ளஷ் டிராவுக்கு 9 அவுட், அதனால் 36%. சரியான கணக்கு 35%. இந்த 35-ஐ மனதில் வைத்துக்கொண்டு ஃப்ளாப்பில் கால் செய்கிறோம். ஆனால் அந்த 35 ரெண்டு கார்டையும் பார்ப்பவருக்கு உள்ளது, அதாவது ஃப்ளாப்பிலேயே ஆல்-இன் ஆகி, மொத்த ஸ்டாக்கையும் போட்டுவிட்டவருக்கு. கால் மட்டும் செய்தால் நாம் வாங்குவது டர்ன் ஒன்றைத்தான்: 47 கார்டில் 9, 19%. ரிவரைப் பார்க்க இன்னொரு தடவை பணம் கட்ட வேண்டும்.

ஒரு கையை நிறுத்தி வைத்துப் பார்ப்போம். பிளைண்ட் (கார்டு பார்க்கும் முன்பே ரெண்டு பேர் கட்டாயமாகப் போடுவது) 500/1,000, ஆன்ட்டி (அதற்கு மேல் போடும் கட்டாயப் பணம்) 1,000. ஆன்ட்டியும் பிக் பிளைண்டும் நான்தான், எல்லாம் சேர்த்து என்னிடம் 23,000. பட்டனில் (ஃப்ளாப்புக்குப் பிறகு கடைசியாக ஆடும் இடம்) இருப்பவர் 2,200-க்கு ரெய்ஸ், நான் ஆட்டின் 9, 8 வைத்துக்கொண்டு கால். பாட்டில் (நடுவில் சேர்ந்த பணத்தில்) 5,900, என்னிடம் மிச்சம் 19,800. ஃப்ளாப்: ஆட்டின் ஜாக்கி, ஆட்டின் 6, கிளாவர் 2. நான் செக் (எதுவும் போடாமல் விடுவது), அவர் 2,000 போடுகிறார்.

கால் செய்தால்? 2,000 போட்டு 7,900-க்கு ஆசைப்படுகிறேன், எனக்குத் தேவை 20% வாய்ப்பு, கையில் இருப்பது 19. பெரிய தப்பில்லை. தப்பு டர்னில் வரும். ஆட்டின் வரவில்லை, பாட் 9,900, அவர் 6,000 போடுகிறார். இப்போது தேவை 27%, இருப்பது 20-க்கும் கீழே. ஃபோல்ட், கவிழ்த்துவிட வேண்டியதுதான். ரெண்டு பிளைண்ட் போச்சு. ஒரு தடவை போனால் பரவாயில்லை. டோர்னமென்ட்டில் பிளைண்ட் ஏறிக்கொண்டே இருப்பதால், இப்படி நாலு தடவை போனால் ஆளே காலி. ஆட்டின் வந்தாலும் முழு ஸ்டாக்கும் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. மூணு ஆட்டின் போர்டில் விழுந்ததும் யாருக்கும் கை கொஞ்சம் பின்வாங்கத்தான் செய்யும்.

அதே இடத்தில் ஆல்-இன் போட்டால்? அவர் ஃபோல்ட் செய்தால் 7,900 அப்படியே என்னுடையது, 9-8 வைத்துக்கொண்டு, ஒரு ஜோடிகூட இல்லாமல். கால் செய்தால் பாட் 45,500. அதில் என் 35% பங்கு 15,925, போட்டது 19,800, சராசரியாக 3,875 நஷ்டம். ரெண்டையும் எடைபோட்டால், அவர் மூணு தடவையில் ஒரு தடவை ஃபோல்ட் செய்தாலே எனக்குக் கட்டுபடியாகிவிடுகிறது. கால் செய்பவரிடம் பெரிய ஃப்ளஷ் டிராவோ செட்டோ (ஒரே எண்ணில் மூணு கார்டு) இருக்கக்கூடும் என்பதால் என் வாய்ப்பை 30% ஆகக் குறைத்துக்கொண்டாலும், 44% ஃபோல்ட் போதும். பட்டனிலிருந்து கண்டதையும் ரெய்ஸ் செய்யும் ஆள் இந்த ஃப்ளாப்பில் பாதிக்கு மேல் விட்டுவிடுவார் என்பது என் அனுபவம்.

அதனால், ஃப்ளாப் வந்ததும் “கார்டு வருமா?” என்பதை விட்டுவிட்டு “இவர் ஓடுவாரா?” என்றுதான் இப்போது முதலில் யோசிக்கிறேன். ஓடுவார் என்றால் ஜெயிக்க எனக்கு ரெண்டு வழி. கடைசி வரை பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன் என்கிற ஆள் என்றால் ஒரே வழி, அதுவும் 35%. அந்த ஆளிடம் ஆல்-இன் போடுவது வீரம் இல்லை. விலை மலிவாக இருந்தால் ஒரு கார்டு பார்ப்பேன், இல்லாவிட்டால் கவிழ்த்துவிடுவேன்.

இதற்குப் பெயர்போன உதாரணம் 2003 போக்கர் உலகத் தொடரின் (WSOP) மெயின் ஈவென்ட். கிறிஸ் மணிமேக்கரும் சாம் ஃபர்ஹாவும் மட்டும் மிச்சம். டர்ன் வரை போர்டு 9, 2, 6, 8. அதில் மூணு இஸ்பேட். மணிமேக்கரிடம் இஸ்பேட் கிங்கும் ஒரு 7-உம், ஃபர்ஹாவிடம் 9 ஜோடி. பார்க்காத 44 கார்டில் 17 மணிமேக்கருக்குச் சாதகம்: இஸ்பேட், 5, 10, கிங். ஃபர்ஹா 3 லட்சம் போட, இவர் 8 லட்சமாக ஏற்றினார், ஃபர்ஹா விடவில்லை. ரிவர் 3, ஒன்றுக்கும் உதவாது. மணிமேக்கர் ஆல்-இன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டு ஃபர்ஹா ஃபோல்ட். எல்லோரும் ரிவர் பிளஃபைத்தான் (கையில் ஒன்றுமில்லாமல் மிரட்டியதைத்தான்) பேசுகிறார்கள். எனக்குப் பிடித்தது டர்ன் ரெய்ஸ். அங்கேயே ஓட வாய்ப்பு, ஓடாவிட்டாலும் கிட்டத்தட்ட 39% கையில் இருந்தது. வெறும் கால் செய்து ரிவரில் திடீரென்று எழுந்து நின்றிருந்தால் அந்தக் கதையை ஃபர்ஹா நம்பியிருப்பாரா?

அப்புறம், இந்த ஆல்-இன் வீரமெல்லாம் செல்லாத ஒரு இடம் இருக்கிறது, அதை நான் கோவாவில் கற்றுக்கொண்டேன். (2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களுக்கு மத்திய அரசின் தடைச் சட்டம் வந்த பிறகு, எனக்கு வருஷத்துக்கு ஒரு கோவா பயணம்தான்.) மாண்டவி ஆற்றில் நிற்கும் ஒரு கேசினோ கப்பலில் சாட்டிலைட், அதாவது பெரிய டோர்னமென்ட்டுக்கான சீட்தான் பரிசு. அஞ்சு சீட், ஆறு பேர் மிச்சம். ஸ்டாக்கில் நான் ரெண்டாவது. கையில் ஆட்டின் ஜாக்கி, 10. ஃப்ளாப்பில் ஆட்டின் குயின், ஆட்டின் 9, கிளாவர் 3. ஃப்ளஷும் ஸ்ட்ரெய்ட்டுமாக (வரிசையாக அஞ்சு கார்டு) 15 அவுட், 54%. என்னைவிடப் பெரிய ஸ்டாக்காரர் ஆல்-இன் போட்டார், பாதிக்கு மேல் இருக்கிறதே என்று நான் கால் செய்தேன். அவரிடம் ஏஸ்-குயின். டர்ன் 4, ரிவர் இன்னொரு 3. எதிர் மூலையில் ரெண்டே பிளைண்ட் வைத்துக்கொண்டு சிப்ஸை அடுக்குவதும் கலைப்பதுமாக இருந்த பெரியவருக்கு சீட் கிடைத்தது. போகும்போது எனக்குக் கை கொடுத்து நன்றி வேறு சொன்னார்.

சாதாரண டோர்னமென்ட்டிலும் இதே கதைதான், கொஞ்சம் மென்மையாக. மூணு பேர் மிச்சம், சம ஸ்டாக், பரிசு 50, 30, 20 ஆயிரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐசிஎம் (சிப்ஸைப் பரிசுப் பண மதிப்பாக மாற்றும்) கணக்குப்படி இப்போது ஆளுக்கு 33,333 மதிப்பு. ஒருவரை வெளியேற்றினால் சிப்ஸ் ரெண்டு மடங்கு, மதிப்போ 43,333 மட்டும். தோற்றால் 20,000. பத்தாயிரத்துக்காகப் பதிமூன்றாயிரத்தைப் பணயம் வைக்கிறோம், தேவை 57%. என் 54% அங்கேகூடப் பத்தாது. ஆனால் அதே கையில் ஆல்-இன் போடுவது நானாக இருந்தால் கதை மாறும், அவரும் இதே 57-க்குப் பயப்பட வேண்டும். கால் செய்வதற்கும் போடுவதற்கும் உள்ள வித்தியாசம் பபுளில்தான் (பரிசுக் கட்டத்தின் விளிம்பில்தான்) பளிச்சென்று தெரியும்.

மற்றதெல்லாம் சுருக்கமாக. ஆரம்பத்தில் நூறு பிளைண்ட் இருக்கும்போது, எதிராளிக்குப் பிறகு ஆடும் இடத்தில், ஏஸ் உள்ள ஃப்ளஷ் டிரா என்றால் தாராளமாகக் கால் செய்யுங்கள். சிக்கினால் பெரிய பாட். கட்ஷாட்டுக்கு (ஸ்ட்ரெய்ட்டுக்கு நடுவில் ஒரு எண் மட்டும் பாக்கி) 4 அவுட்தான், ஒரு கார்டில் 8 சொச்சம் சதவீதம், விட்டுத் தள்ளுங்கள். நடுவே ஒரு பொறி: 7-6 மாதிரி சின்ன ஃப்ளஷ் டிராவில் ஃப்ளஷ் வந்தும் தோற்பது. மூணு பேர் உள்ளே இருக்கும் பாட்டில் இதை நான் இப்போது ஃப்ளாப்பிலேயே கவிழ்த்துவிடுகிறேன்.

நீங்கள் எத்தனை பிளைண்ட் வைத்திருந்தீர்கள் என்று சொல்லவில்லை. 15-25 என்றால் மேலே சொன்ன 9-8 கைதான் உங்களுக்கும். அதற்கும் கீழே என்றால் ஃப்ளாப் பார்க்கவே கால் செய்யாதீர்கள்; கார்டு வரும் முன்பே போடுவதா விடுவதா என்று முடிவாகிவிட்டிருக்க வேண்டும்.