8 சதவீத வருமானத்தில் 6 சதவீதப் பணவீக்கம் போனால் மிச்சம் எவ்வளவு?

"முதலீட்டில் ஆண்டுக்கு 8 சதவீதம் கிடைக்கிறது, பணவீக்கம் 6 சதவீதம். என் உண்மை வருமானம் 2 சதவீதம்தானே?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஏறக்குறைய சரி. ஆனால் கழிக்கக் கூடாது, வகுக்க வேண்டும். 100 ரூபாய் 108 ஆகும்போது, 100 ரூபாய்ப் பொருளின் விலையும் 106 ஆகிவிடுகிறது. 1.08ஐ 1.06ஆல் வகுத்தால் 1.0189, அதாவது சுமார் 1.89 சதவீதம். இந்த வித்தியாசம் அற்பம், வரிதான் வில்லன். விலை உயர்வைக் கணக்கில் கொள்ளாமல் 8 சதவீதம் முழுவதற்கும் 25 சதவீத வரி விதித்தால் கையில் நிற்பது 6. உண்மை வருமானம் பூஜ்யம்!

சரி, பணவீக்கம் 6 சதவீதம் என்ற அந்தக் கணக்கு எங்கிருந்து வருகிறது? குடும்பங்கள் எதற்கெல்லாம் செலவழிக்கின்றன என்று கணக்கெடுத்து, பொருள்களுக்கும் சேவைகளுக்கும் செலவில் அவற்றின் பங்குக்கேற்ப எடை தருகிறார்கள். பிறகு மாதந்தோறும் விலைகளைச் சேகரித்து, ஒப்பீட்டுக்கென்று தேர்ந்த அடிப்படை ஆண்டின் விலைகளோடு ஒப்பிட்டு விலைக் குறியீடு தயாரிக்கிறார்கள். அது ஓராண்டில் உயரும் சதவீதம்தான் பணவீக்கம். இந்த முறையின் வேர், ஜெர்மானியப் பொருளியலாளர் லஸ்பெயர்ஸ் 1871இல் முன்வைத்த சூத்திரம். அதன் பலவீனமும் தெரிந்ததே: ஒரு பொருள் விலையேறினால் மக்கள் மலிவான மாற்றுக்குத் தாவுவார்கள், எடைகளோ பழையபடியே நிற்கும். அதனால் பணவீக்கம் சற்று மிகையாகத் தெரியும். எடைகளை அவ்வப்போது புதுப்பிப்பது இதற்காகத்தான்.

இன்னொன்று: வீடு வாங்கும் விலை பெரும்பாலான நாடுகளின் விலைக் குறியீட்டில் நேரடியாகச் சேராது, அது முதலீடாகவே கருதப்படுகிறது. வாடகை சேரும். ஆகவே வீடு வாங்கச் சேமிப்பவர் இந்த 6ஐ நம்பித் திட்டமிட வேண்டாம்; வீட்டு விலை உயரும் வேகத்தைத் தனியே பாருங்கள்.