சகாரா வழியாக எல்லை தாண்டுபவர்களை எப்படிக் கணக்கெடுக்கிறார்கள்? காரணம் எப்படித் தெரிகிறது?

ஒவ்வொருவரையும் பதிவு செய்வதில்லை. நைஜரையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐ.நா.வின் புலம்பெயர்வு அமைப்பான ஐஓஎம் 2016இல் அங்கே இரண்டு இடங்களில் கண்காணிப்பு மையம் தொடங்கியது: அல்ஜீரியா போகும் வழியில் ஆர்லிட், லிபியா போகும் வழியில் செகெடின். ஊழியர்கள் வண்டிகள் நின்று போகும் இடங்களில் இருந்து, டிரைவர்களிடம் விசாரித்துத் தலை எண்ணுவார்கள். டொயோட்டா பிக்கப்பில் இருபது முப்பது பேர், விழாமலிருக்கச் செருகிய கம்புகளைப் பிடித்தபடி, காலை வெளியே தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர்களில் சிலரிடம் மட்டும் எங்கிருந்து, எங்கே, எதற்கு என்று கேட்பார்கள்.

பெரும்பாலும் வேலைதான் காரணம். உடனே ஐரோப்பா என்று நினைத்துவிடாதீர்கள். பலர் லிபியாவிலோ அல்ஜீரியாவிலோ சில மாதம் கூலி வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறவர்கள். சிலர் நைஜரின் வடகிழக்கில் உள்ள ஜாடோ பக்கம் தங்கம் தோண்டப் போகிறவர்கள். அவர்கள் எல்லையையே தாண்டுவதில்லை.

புலம்பெயர்வோரைச் சட்டவிரோதமாக எல்லை தாண்ட வைப்பதற்கு எதிரான 2015ஆம் ஆண்டுச் சட்டத்தை நைஜர் மறு ஆண்டு கடுமையாக அமல்படுத்தியதும் எண்ணிக்கை சரிந்தது. ஐரோப்பிய அரசுகளுக்கு மகிழ்ச்சி. ஆனால் டிரைவர்கள் பலர் மையங்களைச் சுற்றிக்கொண்டு, கிணறு இல்லாத தடங்களில் போனார்கள். 2023 நவம்பரில் ராணுவ அரசு அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. இப்படிச் சுற்றிப் போகிறவர்கள் கணக்கில் வராததால், இந்த எண்களில் ஏற்ற இறக்கத்தைப் பாருங்கள். மொத்தத் தொகையாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரே ஆள் இரண்டு மையங்களில் எண்ணப்படுவதும் உண்டு.