டயாலிசிஸ் படிப்பு: காமாலைக்குப் பயந்து கைவிட வேண்டாம்

அம்மா, நீட் இரண்டாம் முறையும் கைகொடுக்கவில்லை. வெளிநாட்டு எம்.பி.பி.எஸ். என்று உங்கள் தம்பி நெருக்குகிறார். மகளோ, தாத்தாவுக்குத் துணையாகப் போய்ப் பார்த்த டயாலிசிஸ் வேலையைப் படிக்கிறேன் என்கிறாள். "அந்த வார்டுல மஞ்சள் காமாலை ஒட்டிக்குமாமே" என்று நீங்கள் கலங்குகிறீர்கள்.

வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்காதீர்கள். வெளிநாட்டில் படித்து வந்தாலும் இங்கே தகுதித் தேர்வில் தேற வேண்டும், தேறாதவர்கள்தான் அதிகம். அதுவரை வட்டி நிற்காது. அதைக் கட்டப்போவது தம்பி அல்ல, நீங்கள்.

இனி காமாலை. உங்கள் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. டயாலிசிஸில் நிமிடத்துக்கு 200 முதல் 300 மில்லி ரத்தம் உடலுக்கு வெளியே ஓடித் திரும்புகிறது. ஒரு தடவைக்கு சுமார் 4 மணி நேரம், வாரத்தில் இரண்டு மூன்று நாள். காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமியோ காய்ந்த ரத்தக் கறையில்கூட 7 நாள் தாங்கும். ஒருவரின் மெஷின் பட்டனைத் தொட்ட கையுறையோடு அடுத்தவரின் ஃபிஸ்டுலாவை, அதாவது டயாலிசிஸ் ஊசி குத்தக் கையில் இணைத்து வைத்த ரத்தக் குழாயைத் தொட்டாலே தொற்று போய்ச் சேரலாம். ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் ஹெப்பாரின் மருந்துக் குப்பியைக் கட்டில் கட்டிலாக எடுத்துப் போவதும் அப்படித்தான். மருந்தைத் தனி இடத்தில் ஊசியில் ஏற்றி, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கொண்டுபோக வேண்டும்.

இந்தத் தொற்றைத் தடுப்பவர்தான் டெக்னீஷியன். ஹெபடைடிஸ் பி தொற்று உள்ள (பாசிட்டிவ்) நோயாளிக்குத் தனி அறை, தனி மெஷின். அவருடைய டயலைசரை, அதாவது ரத்தத்தைச் சுத்திகரிக்கும் வடிகட்டியைக் கழுவி மறுபடி பயன்படுத்தக் கூடாது. ஹெபடைடிஸ் சி வகைக்கு மெஷினைப் பிரிப்பது கட்டாயமில்லை, கையுறையும் கை கழுவலும் துளி பிசகக் கூடாது. அழுத்தம் காட்டும் குழாயின் முனையில் ஒரு சிறு வடிகட்டி இருக்கும். அது ரத்தத்தில் நனைந்தால் உடனே மாற்ற வேண்டும்; ரத்தம் அதைத் தாண்டியிருந்தால் மெஷினைத் திறந்து சுத்தம் செய்யாமல் அடுத்தவருக்குப் போடக் கூடாது. பி-க்கு எதிர்ப்பு சக்தி இல்லாத நோயாளிக்கு மாதாமாதம் ரத்தப் பரிசோதனை, சி-க்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. சிறுநீரகம் பழுதானவர்கள் உடலில் தடுப்பூசி சரியாகப் பிடிக்காது. அதனால் அவர்களுக்கு 20 மைக்ரோகிராமுக்குப் பதில் 40. இத்தனையையும் பொறுமையாகக் கவனிக்கும் பிள்ளைக்கு ஏற்ற படிப்பு இது. தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து மெஷினையே பார்த்துக்கொண்டிருந்தவளை வேறெங்கும் தள்ளாதீர்கள்.

பி.எஸ்சி. டயாலிசிஸ் டெக்னாலஜி அரசு மருத்துவக் கல்லூரிகளிலும் இருக்கிறது. பயிற்சியோடு நான்கு ஆண்டு. தனியார் மருத்துவமனையில் தொடக்கச் சம்பளம் குறைவுதான், மறைக்கவில்லை. விடிகாலை ஷிஃப்டும் உண்டு. ஆனால் 2016-இல் தேசிய டயாலிசிஸ் திட்டம் வந்தபின் மாவட்ட மருத்துவமனைகள்வரை மெஷின்கள் போய்ச் சேர்ந்திருக்கின்றன; அவற்றை ஓட்ட ஆள் வேண்டும்.

தனியார் கல்லூரி என்றால் கட்டிடத்தைப் பார்த்துப் பணம் கட்டாதீர்கள். சொந்த டயாலிசிஸ் பிரிவு இருக்கிறதா, எத்தனை மெஷின், பாசிட்டிவ் நோயாளிக்குத் தனி மெஷின் உண்டா என்று நேரில் போய்க் கேளுங்கள். மழுப்பினால் வேறு கல்லூரி பாருங்கள்.

மகளுக்கு ஹெபடைடிஸ் பி தடுப்பூசி முழுதாகப் போட்டதற்கு அட்டை இல்லையென்றால் இந்த வாரமே முதல் ஊசி, அடுத்த மாதம் இரண்டாவது, ஆறாம் மாதம் மூன்றாவது. அதற்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து ரத்தத்தில் எதிர்ப்பொருள் அளவு 10-ஐ (ரிப்போர்ட்டில் mIU/ml என்று இருக்கும்) எட்டியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். சி வகைக்குத் தடுப்பூசி கிடையாது. வந்தாலும் பெரும்பாலும் 12 வாரம் மாத்திரையில் குணமாகிறது, அரசு மருத்துவமனையில் இலவசமாகவே தருகிறார்கள்.